400 மைல் தள்ளி நிற்கும் படகுக்குச் செயற்கைக்கோள் போன் கிடையாதா?

தூத்தூர்_தங்கல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஒரு தூண்டில் படகு இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடிப் பக்கத்துக்காரர்களுக்கு எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஐஸ், டீசல், அரிசி, குடிதண்ணீர் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் முப்பது நாள், சில சமயம் நாற்பது நாள் கடலிலேயே தங்கல். சுறாவையும் சூரையையும் தேடி லட்சத்தீவைத் தாண்டி 400, 500 கடல் மைல் போய்விடுவோம். மொபைல் சிக்னல் கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் அறுந்துவிடும். வயர்லெஸ் செட் உண்டு, அது பக்கத்தில் நிற்கும் படகோடு பேசத்தான் உதவும். அதற்கப்புறம் நாங்கள் எங்கே இருக்கிறோம், இருக்கிறோமா இல்லையா என்பதுகூட வீட்டில் யாருக்கும் தெரியாது.

2017 நவம்பர் 29 அன்று கன்னியாகுமரிக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம் என்றார்கள். 30-ஆம் தேதி விடியும்போது அது ஒக்கி புயல். என் அண்ணன் இருந்த படகு அதற்குப் பத்து நாள் முன்பே கிளம்பிவிட்டது. கரையில் சொன்ன எச்சரிக்கை அந்தப் படகுக்கு எப்படிப் போய்ச் சேரும்? அண்ணன் பிழைத்தான். காற்று தள்ளிக்கொண்டு போய் மகாராஷ்டிரத்தின் தேவ்கட்டில் ஒதுங்கினார்கள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு போன் வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் அண்ணி அடுப்பு மூட்டவில்லை. கூடவே போன இன்னொரு படகில் இருந்தவர்கள் திரும்பவே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முறையாக ஒரு செயற்கைக்கோள் போன் வாங்கலாம் என்று மூன்று அலுவலகம் ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில், "இது எங்கள் வேலை இல்லை." இன்னொரு இடத்தில், "தனி ஆளுக்கு ஏன் தம்பி?" மூன்றாவது இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள், அதில் படகு என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. குவைத்தில் இருக்கும் சித்தப்பா மகன் விடுமுறைக்கு வரும்போது ஒரு துராயா செட் கொண்டுவருகிறேன் என்கிறான். அப்பா வேண்டாம் என்கிறார். எனக்கு இரண்டு கேள்வி. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? அது சொல்வது சரிதானா?

சட்டப்பக்கம்

முதலில் உங்கள் அப்பா சொல்வதைக் கேளுங்கள். தயவுசெய்து அந்த செட்டை உங்கள் சித்தப்பா மகன் தன் பெட்டியில் வைக்கவே விடாதீர்கள். விமான நிலையத்திலேயே பிடிபடுவார், அவருடைய குவைத் வேலைக்கும் ஆபத்து.

துராயா, இரிடியம் செயற்கைக்கோள் போன்கள் இந்தியாவில் தடை. இதற்கு அடிப்படை இரண்டு பழைய சட்டங்கள்: 1885-ஆம் வருடத் தந்திச் சட்டம், 1933-ஆம் வருடக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். முன்னது தந்திக் கம்பி காலத்தில் வெள்ளைக்காரன் போட்டது. அனுமதி இல்லாமல் தந்தி நிலையம் நடத்தக்கூடாது என்ற அதே வரிதான் இன்று உங்கள் கையில் இருக்கும் செட்டுக்கும் பொருந்துகிறது. 2023 டிசம்பரில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறி, 2024 ஜூனிலிருந்து பகுதி பகுதியாக நடைமுறைக்கு வந்துகொண்டிருக்கிறது. சட்டம் மாறினாலும் அனுமதி இல்லாமல் வைத்திருக்கக்கூடாது என்ற நிலை மாறவில்லை.

மலையேற வந்த வெளிநாட்டுப் பயணிகளே மாட்டியிருக்கிறார்கள். கார்மின் இன்ரீச் என்று தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவி, மலையில் வழி தவறினால் உதவி கேட்க. அது இரிடியத்தில் ஓடுகிறது என்பதால் 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் வழக்கு. அதற்கப்புறம் 2025 ஜனவரியில், வெளிநாட்டிலிருந்து வரும் விமானங்களில் இதை அறிவிக்கச் சொல்லி விமானப் போக்குவரத்து இயக்குநரகம் உத்தரவு போட்டது. கப்பல்களுக்கு 2012-இலேயே தடை உத்தரவு உண்டு.

ஏன் இந்த இரண்டுக்கு மட்டும் இவ்வளவு கடுமை? துராயாவில் நீங்கள் பேசினால் பேச்சு வானுக்குப் போய் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஷார்ஜாவில் இறங்குகிறது. இரிடியத்தில் செயற்கைக்கோளிலிருந்து செயற்கைக்கோளுக்குத் தாவி அமெரிக்காவின் அரிசோனாவில் இறங்குகிறது. இந்திய மண்ணில் எங்கேயும் தொடுவதில்லை. நீதிமன்றமோ அரசோ சட்டப்படி ஒட்டுக்கேட்க உத்தரவு கொடுத்தாலும் அதைச் செயல்படுத்த இங்கே ஒரு கம்பிகூடக் கிடையாது.

அனுமதி உள்ளது ஒரே வழி. பிஎஸ்என்எல் மூலமாக வரும் இன்மர்சாட் போன். அதன் தரை நிலையம் காஜியாபாத்தில் இருக்கிறது, அதனால் அரசுக்குச் சம்மதம். 2017-இல் அந்தச் சேவை தொடங்கியபோது முதலில் அரசுத் துறைகளுக்குத்தான் கொடுத்தார்கள். தனியாரும் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியோடு வாங்கலாம். விண்ணப்பத்தைத் தனி ஆளாகப் போடாதீர்கள், சங்கத்தின் பெயரில் மீன்வளத் துறை வழியாகப் போடுங்கள். ஒக்கிக்குப் பிறகு ஆழ்கடல் படகுக் குழுக்களுக்கு மானியத்தில் போன் போன வழி அதுதான்.

கடல்காவல்_ஓய்வு

நான் சீருடையில் கடலில் 22 வருடம் இருந்தவன். எந்தப் பிரிவு என்பது வேண்டாம். தம்பியின் வலி புரிகிறது, அவர் அண்ணன் மாதிரி ஆட்களைத் தூக்கிவிட்ட கைகள் இவை. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்த பத்துப் பேர் எதில் வந்தார்கள்? போர்பந்தரிலிருந்து மீன்பிடிக்கப் போன குபேர் என்ற படகில். நடுக்கடலில் அதைப் பிடித்து, கடைசியில் தண்டேலையும் (படகை ஓட்டும் தலைவர்) கொன்றுவிட்டு வந்தார்கள். அந்தப் படகில் அவர்கள் விட்டுப்போனது ஒரு துராயா போன். ஒரே படகில் மீனவனின் உயிரும் போனது, அந்த போனும் கிடைத்தது. அன்றையிலிருந்து கடலில் செயற்கைக்கோள் போன் என்றால் அதிகாரிக்கு முதலில் நினைவுக்கு வருவது குபேர்.

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் படகு ஒன்றைக் கடலோரக் காவல்படை மடக்கியது. உள்ளே 6,000 கிலோ மெத் போதைப்பொருள். வழி பார்க்கவும் பேசவும் அவர்கள் வைத்திருந்தது ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையப் பெட்டி. நல்லவன் கையில் இருப்பதும் கெட்டவன் கையில் இருப்பதும் ரேடாரில் ஒரே புள்ளிதான்.

தூத்தூர்_தங்கல்

ஐயா, உங்கள் கைகளுக்கு முதலில் நன்றி.

குபேர் விஷயத்தில் ஒன்று கேட்கிறேன். அந்தத் தண்டேலும் எங்களைப் போல ஒருவர்தான். அவருடைய படகை நடுக்கடலில் பிடித்தபோது, "எங்களைப் பிடித்துவிட்டார்கள்" என்று கரைக்குச் சொல்ல அவரிடம் ஒரு கருவி இருந்திருந்தால்? யாரோ சட்டவிரோதமாகக் கொண்டுவந்த போனைப் பார்த்து, சட்டப்படி ஒரு போனும் இல்லாதவனுக்கு இன்னும் கதவைச் சாத்துவது எப்படிச் சரியாகும்?

நாங்கள் யாரும் ரகசியமாகப் பேச ஆசைப்படவில்லை. எங்கள் படகு எங்கே இருக்கிறது என்று அரசு 24 மணி நேரமும் பார்க்கட்டும். பேசுவதைக் கேட்கட்டும். ஐஸ் தீர்ந்துவிட்டது, மீன் விலை என்ன, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, இதைத்தான் பேசுவோம்.

பழைய_வயர்லெஸ்

வணிகக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன். இந்த இழையில் இரண்டு விஷயம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது, பிரித்துக்கொண்டால் தம்பிக்கு வழி தெரியும். ஆபத்தில் கூப்பிடுவது ஒன்று. பேசுவது இன்னொன்று. முதலாவதுக்கு இந்தியாவில் தடை இல்லை, அரசே கொடுக்கிறது. இரண்டாவதுதான் சிக்கல்.

கப்பல்களில் 406 மெகாஹெர்ட்ஸில் கத்தும் ஒரு மிதவை உண்டு. கப்பல் மூழ்கினால் தானாகக் கழன்று மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும். காஸ்பாஸ்-சார்சாட் என்ற ஏற்பாடு அது. 1979-இல் அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரம் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒருவர் மேல் ஒருவர் ஏவுகணை குறிவைத்துக்கொண்டே, கடலில் மூழ்குகிறவன் கூப்பிட்டால் யார் செயற்கைக்கோளாக இருந்தாலும் கேட்கட்டும் என்று ஒத்துக்கொண்டார்கள். 1982-இல் மேலே போன முதல் செயற்கைக்கோள் சோவியத்துடையது. இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு, பெங்களூரிலும் லக்னோவிலும் தரை நிலையம் இருக்கிறது.

அந்தக் கருவி மீன்பிடிப் படகுக்கு விலை அதிகம் என்பதால் இஸ்ரோ நம் படகுகளுக்கென்று டாட் என்ற அபாய எச்சரிக்கைக் கருவியைச் செய்தது. 2010-இலிருந்து ஓடுகிறது, 20,000-க்கும் மேல் படகுகளில் இருக்கிறது. தீயா, மூழ்குகிறதா, ஆள் விழுந்துவிட்டானா, வைத்திய உதவியா என்று பொத்தானை அழுத்தினால் பெங்களூருக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்கு வரும்.

அதில் பெரிய குறை ஒன்று இருந்தது. தூத்துக்குடியில் ஒரு படகில் ஏறி அதைப் பார்த்திருக்கிறேன். வீல்ஹவுஸ் ஓரத்தில் நைலான் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள், மூடி உப்பில் பூத்துப் போயிருந்தது. டிரைவரிடம் கேட்டேன், "இதை அழுத்தியிருக்கிறீர்களா?" "ஒருமுறை அழுத்தினோம் சார். விளக்கு எரிந்தது. ஆனால் யாராவது கேட்டார்களா என்று எங்களுக்குத் தெரியாது. விடிய விடிய அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம்." நான் வேலை பார்த்த காலம் முழுக்க, ஒரு அபாயச் செய்தி வந்தால் முதலில் செய்வது "கேட்டுவிட்டோம்" என்று பதில் அனுப்புவதுதான். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் மூழ்குகிற படகில்கூட ஆட்கள் நிதானமாகிவிடுவார்கள். அது இல்லாத கருவியைப் பதிமூன்று வருடம் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

2024 ஜனவரியில் இஸ்ரோ இரண்டாம் தலைமுறை டாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இப்போது கரையிலிருந்து பதில் வருகிறது. புயல் எச்சரிக்கையும் வரும், போனில் புளூடூத் போட்டுத் தமிழிலேயே படிக்கலாம்.

அப்புறம் டிரான்ஸ்பாண்டர், படகு நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குச் சொல்லும் கருவி. 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்தார். 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1,00,000 படகுகளுக்கு, சுமார் 360 கோடி ரூபாய் திட்டம், மீனவருக்கு இலவசம். இருபக்கமும் குறுஞ்செய்தி போகும். எல்லை நெருங்கினால் எச்சரிக்கும். இந்தியச் செயற்கைக்கோள், இந்தியத் தரை நிலையம் என்பதால் காஜியாபாத், ஷார்ஜா வம்பு எதுவும் இல்லை. தம்பி, உங்கள் படகில் இது மாட்டியாகிவிட்டதா?

தூத்தூர்_தங்கல்

எங்கள் படகில் மாட்டவில்லை அண்ணாச்சி. எங்கள் படகுகள் பாதிக்கு மேல் கொச்சியில்தான் மீன் இறக்கும். பதிவு இங்கே, கட்டிப்போடுவது அங்கே. கணக்கெடுக்க வரும்போது படகு கடலில் இருக்கும், படகு கரையில் இருக்கும்போது கணக்கு முடிந்திருக்கும். ஆகக் கூடுதல் தூரம் போகிறவன்தான் பட்டியலில் கடைசியில் நிற்கிறான்.

அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவரைப் பற்றி எழுதினீர்களே, அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஆவாரங்காடு

ஒரு சின்ன சந்தேகம். ஐபோனில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி இருக்கிறதே, என் போன் 15. அது கடலில் வேலை செய்யாதா?

சட்டப்பக்கம்

2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தொடங்கி பல நாடுகளுக்கு வந்துவிட்டது, இந்தியாவுக்கு வரவில்லை. அதே போன், அதே வானம். அது குளோபல்ஸ்டார் செயற்கைக்கோளில் ஓடுகிறது, இங்கே அதற்கு அனுமதி இல்லை. கருவி உங்கள் பையில் இருந்தும் சேவை பூட்டியிருக்கும்.

விஎச்எஃப்_சாமி

நான் ஹாம் ரேடியோக்காரன், உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலி செட்டில் பேசுகிறவன். தம்பியின் முதல் பதிவைப் படித்ததிலிருந்து 2004-தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தமானில் ஹாம் ரேடியோவுக்குப் பதினேழு வருடம் அனுமதி கிடையாது. காரணம் அதே பாதுகாப்பு. பாரதி பிரசாத் என்ற பெண்மணி விடாமல் எழுதி எழுதி, ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தோடு சேர்ந்து, கடைசியில் 2004 டிசம்பரில் ஒரு மாதத்துக்கு அனுமதி வாங்கினார். போர்ட் பிளேரில் ஒரு விடுதியில் ஆன்டெனா கட்டி, உலகம் முழுக்க ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். அது எங்களுக்குப் பெரிய விளையாட்டு, பதினேழு வருடம் கேட்காத ஊரின் குரல் கேட்கிறது என்று உலகமே வரிசையில் நின்றது.

டிசம்பர் 26 காலை பூமி ஆடியது. அப்புறம் தண்ணீர் வந்தது. தீவுகளில் தொலைபேசி செத்தது. அவர்கள் விளையாட்டை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, அதே செட்டில் "அவசரச் செய்திகள் மட்டும்" என்று அறிவித்துப் பிரதான நிலத்துக்குச் செய்தி கடத்த ஆரம்பித்தார்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள், எந்த ஊருக்கு என்ன தேவை என்று நாள் கணக்கில். ஒரு குழு கார் நிக்கோபாருக்கே செட்டைத் தூக்கிக்கொண்டு போனது. அந்த அனுமதி ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால் அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அனுமதி கொடுத்த அந்த அதிகாரி யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்று. பின்லாந்தில் தம்பேரே என்ற ஊரில் 1998-இல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் எழுதினார்கள். பேரிடர் வந்தால் தகவல்தொடர்புக் கருவிகளை நாட்டுக்குள் கொண்டுவர, இயக்க, இருக்கும் உரிமக் கட்டுப்பாடுகளையும் இறக்குமதித் தடைகளையும் தளர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியாவும் இலங்கையும் அதில் உண்டு. அது நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரி 8, சுனாமி வந்து பதிமூன்றாம் நாள். ஆக, கட்டுப்பாடே ஆளைக் கொல்லலாம் என்பது நமக்குத் தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை: யாராவது ஹாம் லைசென்ஸ் எடுத்துப் படகில் செட் வை என்று சொன்னால் கேட்காதீர்கள். தொழிலுக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது.

திருமலை_கரை

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் இந்தக் கதை வேறு மாதிரிப் போனது.

போர்க்காலத்தில் வடக்கில் தொலைத்தொடர்பு என்று கதைக்கவே முடியாது. டோர்ச் பேட்டரிக்கே தடை இருந்த ஊர். அப்படிப்பட்ட நாட்டில் இன்று நெடுநாள் படகுகளில் செயற்கைக்கோள் கருவி கட்டாயம். காரணம் எங்கள் உயிர் என்று சொல்ல ஆசைதான், ஆனால் உண்மைக் காரணம் மீன். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் எங்கள் மீனை வாங்க மாட்டோம் என்றது. அதற்குப் பிறகு கடற்றொழில் திணைக்களம் படகுகளுக்குக் கண்காணிப்புக் கருவி பூட்டியது. 2016 ஜூனில் தடை நீங்கியது. சந்தை போய்விடும் என்றதும் எத்தனை வேகமாக அனுமதி வந்தது என்று பாருங்கள்.

ஸ்டார்லிங்கும் 2024 ஆகஸ்டில் உரிமம் பெற்று 2025 ஜூலையில் இங்கே வந்துவிட்டது. விலைதான் சாதாரண ஆளுக்கு எட்டாது.

வேதாரண்யம்_உப்பு

கடலை மட்டும் பேசுகிறோம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா எங்கள் மேல்தான் ஏறியது. மின்கம்பம் சரிந்தது, டவர் சரிந்தது, நிற்கிற டவருக்கும் டீசல் இல்லை. எங்கள் ஊர் உயிரோடு இருக்கிறதா என்று சென்னையில் இருந்த மகளுக்குச் சொல்ல, இரண்டாம் நாள் ஒரு பையன் சைக்கிளில் போய் சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து பதினேழு வீட்டு நம்பரைக் கூப்பிட்டுச் சொன்னான். நம்பர்களை ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தோம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

2023-இல் எல்லோர் போனிலும் பயங்கரச் சத்தத்தோடு ஒரு சோதனை எச்சரிக்கை வந்ததே, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது டவர் வழியாக வருவது. டவர் விழுந்த பிறகு?

அமெரிக்காவில் 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்து வட கரோலினாவில் டவர்கள் போனபோது, சாதாரண போனுக்கே செயற்கைக்கோளிலிருந்து நேராகக் குறுஞ்செய்தி கொடுக்க அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் அக்டோபர் முதல் வாரத்தில் தற்காலிக அனுமதி கொடுத்தது. முழு உரிமம் அதுவரை கொடுக்கவில்லை. புயலுக்கு மட்டும் கதவைத் திறந்தார்கள். அப்படி ஒரு ஏற்பாடு நம் சட்டத்தில் உண்டா, சட்டப்பக்கம் சொல்ல வேண்டும்.

சட்டப்பக்கம்

நல்ல கேள்வி. 2023 சட்டத்தின் 20-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். பொது நெருக்கடி வந்தால் அரசு எந்தத் தொலைத்தொடர்பு வலையமைப்பையும் தற்காலிகமாகத் தன் கையில் எடுக்கலாம். மீட்புப் பணிக்கு அனுமதிக்கப்பட்டவர்களின் செய்திகளுக்கு முன்னுரிமை கொடுக்கலாம். அதே பிரிவில் சேவையை நிறுத்தவும் ஒட்டுக்கேட்கவும் அதிகாரம் இருக்கிறது.

கவனியுங்கள், முன்னுரிமை மீட்கப் போகிறவருக்கு. மீட்கப்பட வேண்டியவர் கூப்பிடுவதற்கு என்ன வழி என்று அந்தப் பிரிவு பேசவில்லை. விதிகளில் அதைச் சேர்க்கலாம், இடம் இருக்கிறது. யாராவது கேட்க வேண்டும்.

2025 மே மாதம் செயற்கைக்கோள் சேவைக்கு வந்த பாதுகாப்பு நிபந்தனைகளையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும். நில எல்லையிலிருந்து 50 கிலோமீட்டரும், கடலில் 200 கடல் மைல் வரைக்கும் சிறப்புக் கண்காணிப்பு மண்டலம். தரவு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும், அரசு சொன்னால் குறிப்பிட்ட இடத்தில் சேவையை நிறுத்த முடிய வேண்டும். செயற்கைக்கோள் இணைய நிறுவனங்களில் ஒன்வெப், ஜியோ இரண்டும் ஏற்கனவே உரிமம் வாங்கியவை, ஸ்டார்லிங்க் 2025 ஜூனில் வாங்கியது. அலைக்கற்றைக்கு வருமானத்தில் 4 சதவீதம், நகரத்துச் சந்தாதாரருக்கு வருடம் 500 ரூபாய் கூடுதல் என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பரிந்துரைத்தது. கிராமத்துக்கு அந்த 500 இல்லை. கடலைப் பற்றி அதில் தனியாக ஒரு சலுகையும் இல்லை.

தூத்தூர்_தங்கல்

அப்படியென்றால் கடலில் 200 மைல் வரை எது பேசினாலும் அரசு கண்காணிக்கும் என்று ஏற்கனவே எழுதியாகிவிட்டது. சரி. எங்களுக்குச் சம்மதம். கண்காணிக்கும் உரிமையை எடுத்துக்கொண்ட பிறகு, கூப்பிட்டால் கேட்கும் கடமையையும் எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் கேட்கிறேன்.

நீரோடி_மேரி

எல்லோரும் ஆண்கள் எழுதியிருக்கிறீர்கள், கரையில் காத்திருக்கிறவள் ஒருத்தி எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் படகில் டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது. மாட்டும்போது அவர்கள் யாருக்கும் மனசில்லை. எங்கே மீன் கிடைக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று ஒருத்தர். எல்லை தாண்டியதாகக் கணக்கு எழுதி டீசல் மானியத்தை வெட்டிவிடுவார்கள் என்று இன்னொருத்தர். ஒரு படகில் அதன் மேல் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்ததை நானே பார்த்தேன். பயம் பொய் என்று சொல்ல மாட்டேன். படகு போன அந்தத் தடம் யார் கையில் போகும், எதற்கெல்லாம் எடுப்பார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சாக்கு விழுந்திருக்காது.

ஆனால் போன தங்கலில் 19-ஆம் நாள் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. "நலம். ஐஸ் 6 நாளுக்கு. மாதாவிடம் சொல்லு." அவ்வளவுதான். அன்றைக்கு இரவு நான் தூங்கினேன். கல்யாணமாகி 14 வருடத்தில் அவர் கடலில் இருக்கும்போது நான் தூங்கியது அன்றைக்குத்தான்.

பேச வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு வரி போதும்.

கடல்காவல்_ஓய்வு

சகோதரி எழுதியதைப் படித்த பிறகு என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, ஒன்றைச் சேர்க்கிறேன்.

எங்களுக்குக் கடலில் பெரிய தலைவலி எது தெரியுமா? அடையாளம் சொல்லாத புள்ளி. ஆயிரம் மீன்பிடிப் படகும் தன் பெயர் சொல்லிக்கொண்டு நின்றால், சொல்லாமல் நிற்கிற ஒன்று தானாகத் தெரிந்துவிடும். மீனவனுக்குப் பதிவு செய்த கருவி கொடுப்பது எங்கள் வேலையைச் சுலபமாக்கும். பாதுகாப்பும் உயிரும் இந்த இடத்தில் ஒரே பக்கம்தான். இதை உள்ளே இருந்தபோது நான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

பயத்துக்குத் தீர்வும் அவர் சொன்னதுதான். தடத்தை மீட்புக்கும் பாதுகாப்புக்கும் தவிர வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்று விதியில் எழுத வேண்டும்.

எல்லோரும் 1554-ஐ வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள், கடலோரக் காவல்படை. 1093 தமிழ்நாடு காவல்துறையின் கடலோரக் காவல் குழுமம். படகு குறித்த நாளில் வரவில்லை என்றால் கரையில் இருப்பவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள். படகின் பதிவு எண், கிளம்பிய துறைமுகம், கடைசியாகத் தெரிந்த இடம், ஆட்கள் எத்தனை பேர், இந்த நான்கும் கையில் இருக்கட்டும்.

தூத்தூர்_தங்கல்

நேற்று ஞாயிறு பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் உட்கார்ந்தோம். இந்த இழையை அச்செடுத்துக் கொண்டுபோனேன். சித்தப்பா மகனிடம் துராயா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அப்பாவுக்கு நிம்மதி.

மனு தயாராகிறது. பதிவு எங்கே, கட்டுவது எங்கே என்று பார்க்காமல் கொச்சித் துறைமுகத்திலேயே எங்கள் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் மாட்ட வேண்டும் என்று முதலில் எழுதியிருக்கிறோம். நாற்பது நாள் போகிற படகுகளுக்குக் குழுவுக்கு ஒன்றாவது பிஎஸ்என்எல் செயற்கைக்கோள் போன், அதற்கு ஒரே அலுவலகத்தில் விண்ணப்பம், படகு என்று எழுத ஒரு கட்டம். பழைய டாட் வைத்திருப்பவர்களுக்குப் பதில் வரும் புதிய டாட். தடத்தை எதற்கு எடுக்கலாம், எதற்குக் கூடாது என்ற தாள். மேரி அக்கா சொன்னதை அப்படியே அவர் சொற்களில் சேர்த்துவிட்டோம்.

பழைய_வயர்லெஸ் அண்ணாச்சி வரும் சனிக்கிழமை வந்து வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலில் அபாயச் செய்தி எப்படிச் சொல்வது என்று பையன்களுக்குப் பழக்கித் தருகிறேன் என்று தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். அண்ணனும் வருகிறான். ஒக்கிக்குப் பிறகு இதைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை.

பழைய_வயர்லெஸ்

காலை 10 மணிக்கு வந்துவிடுவேன். செட்டுக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்று முழு சார்ஜில் வைத்திருங்கள் தம்பி, ஆன்டெனா நான் கொண்டுவருகிறேன். அண்ணனை முன்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள், முதல் மைக் அவருக்குத்தான்.